சேனாதிபதியின் கடைசி வரி

என் வீட்டுக்காரர் எழுதிய நாடகத்தில் வரும் சேனாதிபதிக்கு ஒரு குறையும் கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்ததே அதைப் பார்த்துத்தான்.

1991, ஆவணி மாதம். ஒரகடத்துக்குப் பக்கத்தில் வடக்குப்பட்டில் எங்கள் வீடு. அந்த வருஷம் மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் என்று சொன்னாலே பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் திரும்பி முகத்தைப் பார்ப்பார். அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதுவது எங்கள் வீட்டு ரகளையை.

அவர் அடுப்பங்கரை வாசற்படியில் சப்பணம் போட்டு உட்கார்ந்து எழுதுவார். ஒவ்வொரு காட்சியும் முடிந்ததும் எனக்குப் படித்துக் காட்டுவார். அந்தச் சேனாதிபதி எதிரியின் முகத்தைப் பார்த்துச் சண்டை போடுகிறவன் இல்லை, மண்ணைப் பார்த்துப் போடுகிறவன். எந்த வயலில் தண்ணீர் கட்டினால் யானை புதையும், எந்த வரப்பு குதிரையைத் தாங்கும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. முந்நூறு ஆட்களை வைத்துக்கொண்டு பத்தாயிரம் பேரை உழுத சேற்றில் இறக்கித் திணறடிப்பான். படை மொத்தமும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவான். காயம்பட்டவனை முதுகில் தூக்கிக்கொண்டு காடு தாண்டுவான். தூங்க மாட்டான், அழ மாட்டான், தோற்க மாட்டான்.

"ஏன் மாமா, இந்த ஆளுக்கு வயித்து வலியாவது வருமா?" என்று கேட்டேன். அவர் எனக்குத் தாய்மாமன் முறை. கட்டிக்கொண்ட பிறகும் மாமாதான். வாய் மட்டும் எனக்குக் கொஞ்சம் நீளமாகிவிட்டது.

"இன்னாடி, கிண்டலா?"

"இல்ல, கேக்கறேன். மனுஷன்னா ஒரு குத்தம் குறை இருக்கணும் இல்ல?"

"சேனாதிபதிக்கு இன்னாத்துக்குக் குறை?" என்று சொல்லிவிட்டு மறுபடியும் எழுதக் குனிந்துவிட்டார்.

எனக்கு வயிறு எரிந்தது. அந்தச் சேனாதிபதி யார் என்று எனக்குத் தெரியும். ஒரகடம் ரோட்டில், தகடு அழுத்தி வண்டிகளுக்குப் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில்தான் என் வீட்டுக்காரருக்கு வேலை. அங்கே பிரஸ் ஷாப் போர்மேன்தான் அந்தச் சேனாதிபதி. என் வீட்டுக்காரரைக் கம்பெனி கேட்டுக்கு வெளியே நிறுத்தியவரும் அவரேதான்.

போர்மேனைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் பட்டணத்துக்காரர். ஏர் பிடித்த கையோடு வந்த எங்கள் ஊர் ஆட்களைப் பிரஸ்ஸில் நிற்க வைத்துத் தொழிலாளி ஆக்கினார். அவர் ஷாப்பில் ஒருத்தருக்கும் விரல் போனதில்லை. பக்கத்துக் கம்பெனிகளில் அப்படிச் சொல்ல முடியாது. முதுகைக் காட்டி நின்றுகொண்டே ஆறாம் நம்பர் மெஷினில் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்பார். போய்ப் பார்த்தால் தளர்ந்திருக்கும். அவசர ஆர்டர் வந்தால் தரையில் சாக்பீஸால் நாலு கோடு கிழித்து, யார் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டுவார்; மூன்று நாள் வேலை ஒன்றரை நாளில் முடியும். கேன்டீனில் கடைசி ஆள் தட்டை எடுத்த பிறகுதான் அவர் உட்காருவார். ஒருத்தர் மனைவிக்குப் பிரசவம் சிக்கலானபோது கம்பெனி வேனைத் தானே ஓட்டிக்கொண்டு காஞ்சிபுரம் போனவர்.

அத்தனையும் உண்மை. ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க மாட்டார். செத்தாலும் எடுக்க மாட்டார். "ஒரு தபா நான் பின்னால போனா, அப்புறம் எவன் என் பேச்சைக் கேப்பான்?" என்பாராம். ஷாப்பில் குடிதண்ணீர்த் தொட்டியை மேற்கு மூலையில் வைக்கச் சொல்லிவிட்டார். மத்தியானத்துக்கு மேல் வெயில் நேராக அதன் மேல்தான் விழும். முதல் நாளே அவருக்கும் அது தெரிந்துவிட்டது. ஆனால் சொன்னது சொன்னதுதான். இரண்டு கோடை முழுக்க மொத்த ஷாப்பும் வெந்நீர் குடித்தது. அவரும் அதையேதான் குடித்தார். புதிதாகச் சேர்ந்த ஒருவரை முதல் நாள் தவறுதலாக வேறு யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். அதற்கப்புறம் ஆறு வருஷமாக அந்த மனுஷன் அந்தப் பெயருக்கே "சார்!" என்று ஓடிக்கொண்டிருந்தார். கட்டின பெண்டாட்டிகூடக் கடைசியில் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

இதெல்லாம் சிரிக்கிற சங்கதி. எங்கள் வீட்டில் விழுந்தது சிரிக்கிற மாதிரி இல்லை.

ஆடி மாதக் கடைசியில் மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் டை உடைந்தது. டை என்றால் தகட்டை அழுத்தி உருவம் கொடுக்கிற இரும்பு அச்சு. அது போனால் லைன் மொத்தமும் நிற்கும். அன்று காலையிலேயே என் வீட்டுக்காரர் போர்மேனிடம் போய், "சார், டை வேற மாதிரி சத்தம் போடுது, விரிசல் வுட்டுக்கினு கீதுன்னு நெனைக்கறேன்" என்று சொல்லியிருக்கிறார். "ஒண்ணும் இல்ல, ஓட்டு" என்று போர்மேன் சொன்னாராம். பதினோரு மணிக்கு டை இரண்டாகப் பிளந்தது. மாடியிலிருந்து மேனேஜர் இறங்கி வந்து கேட்டபோது, "ஆபரேட்டர் கவனக்குறைவு. சத்தம் மாறியதைத் தெரிவிக்கவில்லை" என்று போர்மேன் எழுதிக் கொடுத்துவிட்டார். மெஷின் இரைச்சலில் இவர் போய்ச் சொன்னதை வேறு யாரும் கேட்கவில்லை.

அன்று சாயந்திரமே சஸ்பெண்ட். ஆயுத பூஜை முடிந்ததும் விசாரணை, அதற்கப்புறம் முடிவு. போர்மேன் எழுதினதை மாற்றினால் வேலை உண்டு, மாற்றாவிட்டால் இல்லை. டை உடைத்தவன் என்று பெயரோடு வெளியே வந்தால் இந்த வட்டாரத்தில் எந்தப் பிரஸ் ஷாப்பும் சேர்க்காது. எங்களுக்கு நிலம் என்று இருந்தது பங்காளிகளுக்குள் பிரிந்து பிரிந்து, நாலு மாடு நிற்கிற இடமாகச் சுருங்கிப் போயிருந்தது. அந்த வேலைதான் எங்களுக்குச் சோறு. கல்யாணமான பிறகு விட்டுவிட்ட களையெடுப்புக்கு நான் மறுபடியும் போனேன். வரப்பில் போகிறவர்கள், "இன்னாம்மா, உன் வூட்டுக்காரருக்குக் கம்பெனியில இன்னா ஆச்சு?" என்று கேட்கும்போதெல்லாம் குனிந்த தலையை நிமிர்த்த மாட்டேன்.

இந்த லட்சணத்தில் நாடகம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். ஆயுத பூஜைக்குக் கம்பெனிக்குள் வருஷா வருஷம் நாடகம் போடுவார்கள். "இந்த வருஷம் இவன் எழுதறான்" என்று போர்மேன் சித்திரையிலேயே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். சொன்ன சொல் மாறாதே! ஆளைக் கேட்டுக்கு வெளியே தள்ளிய பிறகும், நாடகத்தை அவன்தான் எழுத வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். செய்தி கொண்டுவந்தவர் அதே ஷாப்பில் பேக்கிங்கில் வேலை செய்யும் எங்கள் பங்காளி. எனக்குக் கொழுந்தனார் முறை. கேட்டதும் நான் தலையில் அடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரருக்கோ கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா? சார் என்னை மறக்கல."

"மறக்கலையா? யோவ், உன்னைப் பத்திப் பொய் எழுதிக் குடுத்துட்டு..."

"பொய்னு சொல்லாத." அவர் குரல் உயர்ந்தது. "அவருக்கு ஆயிரம் ஜோலி. நீ உன் வேலையைப் பாரு."

முதல் வாரத்தில் இந்த மனுஷன்தான் என்னிடம், "நான் போய்ச் சொன்னேன்டி, காதுகிட்டப் போய்ச் சொன்னேன்" என்று பத்துத் தடவை சொன்னவர். புரட்டாசி பிறப்பதற்குள் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். பக்தி முற்றிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். பக்திக்கும் ஒரு அளவு வேண்டாமா, சாமி!

அவர் எழுதிய கடைசிக் காட்சி இப்படி. அடை மழை. சேனாதிபதி ஒரு படைப்பிரிவை ஏரிக்கரை வழியாகப் போகச் சொல்கிறான். கரை ஊறிக் கிடக்கிறது, போகக் கூடாது என்று அந்தப் பிரிவின் தலைவன் சொல்கிறான். "போ!" என்கிறான் சேனாதிபதி. போகிறார்கள். கரை நிற்கிறது. வெற்றி. பூமாரி.

"ஊறின கரை எப்படி மாமா நிக்கும்?" என்றேன். "நீயும் ஏரி பாத்தவன்தானே?"

"சேனாதிபதி சொன்னா நிக்கும்" என்றார்.

நான் எழுந்து போய்த் துணி துவைத்தேன். துணி கிழிகிற மாதிரி துவைத்தேன்.

நாடகத்தை நல்ல எழுத்தில் படி எடுக்கிற வேலை என்னுடையது. நான் பத்தாவது வரை படித்தவள், கையெழுத்து மணி மணியாக இருக்கும். எங்கள் பக்கத்து நாடகங்களில் நடிக்கிறவர் கையில் முழு நோட்டைக் கொடுக்க மாட்டார்கள். அவரவருக்கு அவரவர் பேச்சு மட்டும் தனித் தாளில். அதற்குப் பெயர் பார்ட். ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால், எதிராளி பேசும் கடைசி இரண்டு வார்த்தைகள் இருக்கும். அந்த இரண்டு வார்த்தை காதில் விழுந்தால் இவர் பேச வேண்டும். விழாவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர் என்ன பேசுகிறார் என்பது ஒத்திகையில்தான் தெரியும். முழு நோட்டு, மறைவில் நின்று எடுத்துக் கொடுக்கிறவர் ஒருவரிடம்தான் இருக்கும். ஒத்திகை கம்பெனிக் கேன்டீனில். என் வீட்டுக்காரர் உள்ளே நுழைய முடியாது. ஆகவே நான் என்ன எழுதி அனுப்புகிறேனோ அதுதான் நாடகம்.

இது என் புத்தியில் உறைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. களையெடுத்துவிட்டு வந்து கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் உட்கார்ந்தேன். முதல் நாலு காட்சிகளை அப்படியே எழுதினேன். முந்நூறு பேர், சேறு, யானை எல்லாம் அப்படியே இருந்தன. அவை நன்றாகத்தான் இருந்தன. கடைசிக் காட்சியை மாற்றினேன். என் நாடகத்தில் கரை உடைந்தது. படைப்பிரிவு வெள்ளத்தில் போனது. தப்பி வந்த பிரிவுத் தலைவனைப் பார்த்து, நீதான் வழி தவறிப் போனாய் என்று சொல்லிச் சேனாதிபதி நாடு கடத்திவிடுகிறான். தூதன் ஒருவன் வந்து மண்டியிட்டு, நடந்ததைச் சபையில் சொல்கிறான். சேனாதிபதி பேச வேண்டிய கடைசிப் பேச்சு: "அவன் எச்சரித்தான். நான் கேட்கவில்லை. ஆணை என்னுடையது. தவறும் என்னுடையது." அதைக் கேட்டதும் தூதன் எழுந்து நின்று, "இப்போதுதான் நீங்கள் சேனாதிபதி" என்று சொல்ல வேண்டும். சுபம்.

என் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டாகக் கட்டி, கடைசிக் காட்சியைப் பற்றி அண்ணனிடம் மூச்சுவிடக் கூடாது என்று சொல்லிக் கொழுந்தனாரிடம் கொடுத்துவிட்டேன். தூதன் வேஷம் அவருக்குத்தான். சேனாதிபதி வேஷம், சொல்லவே வேண்டாம், போர்மேனுக்கு.

முதல் ஒத்திகை முடிந்து கொழுந்தனார் வந்தபோது என் வீட்டுக்காரர் வாசலிலேயே மடக்கினார்.

"இன்னா ஆச்சு? சாருக்குப் புடிச்சுதா?"

"ஐயோ, பெரிய ரகளைண்ணே. ராஜா வேஷக்காரன் எனக்குப் பேச்சு பத்தலன்றான். மந்திரி, எனக்குக் கத்திச்சண்டை வேணும்ன்றான். சார் டேபிள்ல ஓங்கி ஒரு தட்டு தட்டினாரு. 'எழுதினது எழுதினதுதான். ஒரு எழுத்து மாத்தக் கூடாது. மாத்தணும்னு எவனாச்சும் வாயைத் திறந்தா அவன் நாடகத்துலயே இல்ல'ன்னுட்டாரு."

என் வீட்டுக்காரருக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "அப்புறம்?"

"அப்புறம்தான் அவரு பார்ட்டைப் பிரிச்சுப் படிச்சாரு. கடைசிப் பக்கம் வந்ததும் தாளை மடிச்சுப் பாக்கெட்ல வெச்சுக்கினாரு. டீ கொண்டாரச் சொன்னாரு."

நான் உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். மாட்டிக்கொண்டார்! படிக்கிறதுக்கு முன்னாலேயே ஆணை போட்டுவிட்டார். இனி அவரே நினைத்தாலும் மாற்ற முடியாது. ஒரு நிமிஷம் எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. அடுத்த நிமிஷம் பயம் பிடித்துக்கொண்டது. அவருக்குக் கோபம் வந்து விசாரணையில் இன்னும் நாலு வரி சேர்த்து எழுதினால்? இருந்த கொஞ்சநஞ்ச வழியையும் நானே அடைத்துவிட்டேனோ?

மூன்று வாரம் ஒத்திகை நடந்தது. தினமும் கொழுந்தனார் வந்து சொல்வது ஒன்றுதான். எல்லாப் பேச்சையும் சார் மனப்பாடமாகப் பேசுகிறார், கடைசிப் பேச்சு வரும்போது மட்டும், "இது அன்னிக்குப் பாத்துக்கலாம்" என்று எழுந்து போய்விடுகிறார். "பெரிய பேச்சு இல்லையா, வெற்றி முழக்கம், அதான் அடக்கி வெச்சிருக்காரு" என்று என் வீட்டுக்காரர் விளக்கம் சொல்வார். ஒரு கிருத்திகைக்கு வல்லக்கோட்டைக்குப் போய் முருகன் முன்னால் நின்றேன். நின்றேனே தவிர, அவர் அந்த வரியைச் சொல்ல வேண்டும் என்று வேண்டுவதா, மறந்துபோக வேண்டும் என்று வேண்டுவதா என்று தெரியவில்லை. விபூதியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆயுத பூஜை அன்று குடும்பத்தோடு உள்ளே விடுவார்கள். நான் கொழுந்தனார் மனைவியோடு போனேன். என் வீட்டுக்காரர் கேட் வரைக்கும் வந்தார். சஸ்பெண்டில் இருக்கிறவர் உள்ளே வரக் கூடாதாம். ஆனால் இஸ்திரி போட்ட யூனிஃபார்ம் போட்டுக்கொண்டுதான் வருவேன் என்று பிடிவாதம். எதிரே டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தார். மைக் கட்டியிருந்ததால் பேச்செல்லாம் ரோடு வரைக்கும் கேட்கும். "நல்லா கவனிச்சுப் பாரு. சார் மூஞ்சி எப்படிப் போவுதுன்னு வந்து சொல்லணும்" என்றார். எனக்கு அவரைப் பார்க்க ஆத்திரமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

உள்ளே ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. மூன்றாம் நம்பர் பிரஸ்ஸுக்கும் போட்டிருந்தார்கள். பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்து முடித்ததும் மூன்று மணிக்கு லோடிங் ஷெட்டில் நாடகம். முன்வரிசை நாற்காலியில் முதலாளியும் மேனேஜரும் உட்கார்ந்திருந்தார்கள்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், போர்மேன் அப்படி நடித்தார். அட்டைக் கவசம், ஒட்டு மீசை எல்லாம் மறந்துபோய்விட்டது. யானைகளைச் சேற்றில் இறக்கும் இடத்தில் சின்னப் பிள்ளைகள் எழுந்து நின்று கத்தின. எனக்கே புல்லரித்தது. இந்த ஆளுக்காக எதற்கு என் வீட்டுக்காரர் உயிரை விடுகிறார் என்று முதல்முறையாகப் புரிந்தது. புரிந்ததும் இன்னும் எரிச்சலாக இருந்தது.

கடைசிக் காட்சி வந்தது. தூதன் மண்டியிட்டான். கொழுந்தனார் கனத்த உடம்புக்காரர். சிமென்ட் தரையில் முட்டி பதிந்தது. நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தார். இனி சேனாதிபதி பேச வேண்டும்.

பேசவில்லை.

மறைவில் நின்றவர் நோட்டைப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். "அவன் எச்சரித்தான்..." மைக் அதையும் பிடித்து ரோடு வரைக்கும் கொண்டுபோனது. போர்மேன் அசையவில்லை. இன்னொரு தடவை, "அவன் எச்சரித்தான், நான் கேட்கவில்லை..." பின்வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். பிரஸ் ஷாப் ஆட்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். நான் கொழுந்தனார் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் "வலிக்குதுக்கா" என்றாள்.

போர்மேன் தலையில் இருந்த அட்டைக் கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். முதலாளியைப் பார்த்தார்.

"மூணாம் நம்பர் பிரஸ் டை," என்றார். மேடைப் பேச்சு இல்லை, அவருடைய சொந்தப் பேச்சு. "அது காலையிலயே விரிசல் வுட்டுச்சு. அவன் வந்து சொன்னான். நான்தான் ஓட்டச் சொன்னேன். எழுதிக் குடுத்தது தப்பு."

முதலாளி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து, மண்டியிட்டிருந்த கொழுந்தனார் கெஞ்சும் குரலில் சொன்னது மைக்கில் தெளிவாக விழுந்தது.

"சார், இது பார்ட்ல இல்ல சார். 'தவறும் என்னுடையது'ன்னு சொல்லுங்க சார். அப்பதான் நான் எழுந்துக்க முடியும்."

"அதைத்தாண்டா சொல்லிக்கினு கீறேன்!" என்று கத்தினார் போர்மேன்.

கூட்டம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. அப்புறம் கை தட்டினார்கள். எதற்குத் தட்டுகிறோம் என்று பாதிப்பேருக்குத் தெரியாது. முதலாளி மேனேஜர் பக்கம் சாய்ந்து என்னவோ கேட்டார். மேனேஜர் தலையை ஆட்டினார். நான் செருப்பைக்கூடத் தேடாமல் கேட்டுக்கு ஓடினேன்.

என் வீட்டுக்காரர் பெஞ்சிலிருந்து எழுந்து ரோட்டோரம் நின்றிருந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"யார் எழுதினது அது?" என்றார்.

"மாமா, உனக்கு வேலை வந்துடுச்சு. அவரே வாயால சொல்லிட்டாரு, கேட்டியா இல்லையா?"

"யார் எழுதினதுன்னு கேட்டேன்."

"நான்தான்! நான்தான் எழுதினேன்! இப்ப இன்னான்ற?"

"அவரை எல்லாரு முன்னாலயும் தலை குனிய வெச்சுட்டியேடி," என்றார். எனக்கு அங்கேயே அந்த டீக்கடை பாய்லரை எடுத்து அவர் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது. இரண்டு மாதம் களை எடுத்தது நான். தலை குனிந்தது நான். அதெல்லாம் இந்த மனுஷன் கண்ணில் படவில்லை.

அதற்குள் போர்மேன் கேட்டைத் தாண்டி வந்துவிட்டார். கவசத்தைக் கழற்றவில்லை, மீசை ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. என் வீட்டுக்காரர் விறைப்பாக நின்றார். போர்மேன் அவர் முகத்தைப் பார்க்காமல், அவர் சட்டைப் பாக்கெட்டைப் பார்த்துப் பேசினார்.

"திங்கக்கிழமை ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். ஷூ போட்டுக்கினு வா."

"சரிங்க சார்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "கடைசிப் பக்கம் நீ எழுதினதுதானேம்மா? படிச்ச ஒடனே தெரிஞ்சுது. இவன் எழுதியிருக்க மாட்டான். இவனுக்கு என்னைப் பத்தி அவ்ளோ தெரியாது."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. "மூணு வாரமா தெரியுமா சார்? அப்ப மொத நாளே சொல்லியிருக்கலாமே? இத்தினி நாள் நாங்க எப்படி இருந்தோம்னு நெனச்சுப் பாத்தீங்களா?"

என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். போர்மேன் தொங்கிய மீசையைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லியிருக்கலாம்மா," என்றார். திரும்பி உள்ளே போய்விட்டார்.

சைக்கிள் கேரியரில் நான், ஓட்டுகிறவர் அவர். வடக்குப்பட்டுக்குத் திரும்பும் வழி முழுக்க எனக்கு அர்ச்சனை. சாரை நிக்க வெச்சுக் கேள்வி கேட்கலாமா, பெரிய மனுஷன் முன்னால எப்படிப் பேசணும்னு தெரியாதா, உன் வாயை வெச்சுக்கினு ஒரு நாள் என்னை ஊரை வுட்டே துரத்தப் போற. வேலை திரும்பி வந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. "நிறுத்து, நான் எறங்கி நடந்தே வரேன்" என்றேன். அவர் நிறுத்தவில்லை. கொஞ்ச தூரத்தில் அர்ச்சனை நின்றுவிட்டது. மிதிப்பதும் மெதுவானது. முதுகு குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் அழுகிறார் என்று தெரிந்தது.

"இன்னா மாமா?"

"நான் சொன்னேன் இல்ல? அன்னிக்குக் காலையில, நான் போய்ச் சொன்னேன்தானே?"

"சொன்னேன்னு நீதானே என்கிட்ட வந்து சொன்ன. இப்ப அவரும்தான் சொல்லிட்டாரே."

"எனக்கே சந்தேகமாப் போச்சுடி," என்றார். "அவரு காதுல வுழாத சத்தம் ஒண்ணு இருக்குமா? நான் சொல்லலன்னு அவரு எழுதிட்டாரு. அப்ப நான் சொல்லியிருக்க மாட்டேன்னு நெனச்சுட்டேன். நான்தான் உடைச்சேன், அதை மறைக்கத்தான் உன்கிட்ட வந்து பொய் சொல்லிட்டேன்னு. ரெண்டு மாசமா அப்படித்தான் நெனச்சுக்கினு இருந்தேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் முதுகில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். சைக்கிள் கோணிக்கொண்டு போய்ப் புளியமரத்தடியில் நின்றது. இரண்டு பேரும் இறங்கி நின்றோம். இன்னொரு குத்து விடத்தான் கையைத் தூக்கினேன், முடியவில்லை. என் முந்தானையை எடுத்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன்.